கடைசிப் பந்தயம் எது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

2024 செப்டம்பர் 22 அன்று ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயமான சிங்கப்பூர் கிராண்ட் ப்ரீ முடிந்தபோது டேனியல் ரிக்கியார்டோ பதினெட்டாவதாக வந்திருந்தார். கடைசிச் சுற்றுகளில் அவருடைய அணி (ரெட் புல்லின் இளையவர்களுக்கான அணி) அவரை பிட்டுக்கு, அதாவது டயர் மாற்றும் இடத்துக்கு, அழைத்துப் புது சாஃப்ட் டயர்களை மாட்டி அனுப்பியது. அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்று அவர் பெயரில் பதிவானது. அப்போதைய விதிப்படி அதற்கான ஒரு புள்ளி முதல் பத்துக்குள் வந்தவருக்குத்தான் என்பதால் அவருக்கு அதில் எதுவும் இல்லை. ஆனால் லாண்டோ நோரிஸுக்குப் போயிருக்க வேண்டிய புள்ளி போகாமல் நின்றது. பட்டத்துக்காக நோரிஸோடு மோதிக்கொண்டிருந்த ரெட் புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் ரேடியோவிலேயே ரிக்கியார்டோவுக்கு நன்றி சொன்னார். கார் வந்து நின்ற பிறகு ரிக்கியார்டோ உடனே இறங்கவில்லை. காக்பிட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேட்டி கொடுத்தபோது கண் கலங்கியது. இதுதான் கடைசியா என்று கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான்கு நாள் கழித்து அணி அறிவித்தது: அடுத்த பந்தயத்திலிருந்து அந்த கார் லியாம் லாசனுக்கு.

எட்டு பந்தயங்களை வென்றவர், 257 பந்தயங்கள் ஓட்டியவர். விடைபெறும் நாளன்று, அது விடைபெறும் நாள்தானா என்று தெரியாமல் கேமரா முன்னால் நிற்க வேண்டி வந்தது. பல வருடங்களாக எஃப்1 பார்க்கிறேன். இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

லாசனுக்கு அப்போது 22 வயது. அந்த வயதைப் படித்ததும் எனக்கு 2011 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீக்கு முன்னால் ஹிஸ்பானியா அணி, 34 வயதான நரேன் கார்த்திகேயனை காரிலிருந்து இறக்கியது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் இதே ரிக்கியார்டோ. பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் அவருக்கு 22 முடிந்திருந்தது. ரெட் புல் தன் இளம் வீரரைப் பழக்க ஒரு கார் தேடியது, வரிசையின் கடைசியில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த அணி தன் காரைக் கொடுத்தது. நரேன் வேகம் குறைந்துவிட்டார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்த காரில் யார் உட்கார்ந்தாலும் கடைசி இரண்டு வரிசைதான். அக்டோபரில் இந்தியாவின் முதல் கிராண்ட் ப்ரீ நடந்தபோது அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 2012இல் அதே அணிக்கு ஓட்டினார், அந்த ஆண்டு முடிவில் அணியே மூடப்பட்டது. ஆக, ரிக்கியார்டோ உள்ளே வந்த கதவும் வெளியே போன கதவும் ஒன்றுதான். அவரை இறக்கிய அணியும் ரெட் புல்லின் இளையவர்களுக்கான அணி. இரண்டு முறையும் ஏறி உட்கார்ந்தவருக்கு 22 வயது.

வயதான ஓட்டுநர் சீட்டை இழப்பது இயல்பு. 20 சீட்தான் இருந்தது. 2026இல் காடிலாக் வந்ததால் 22. கீழே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் இந்த இழப்புகளுக்கெல்லாம் வயதையே காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இறக்கிவிடுவதையும் ஏற்க முடியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். 1950இல் முதல் உலகச் சாம்பியனான ஃபரீனாவுக்கு அப்போது 43 வயது. 1957இல் ஃபாஞ்சியோ ஐந்தாவது பட்டத்தை வென்றபோது 46. அந்த ஆண்டு நூர்பர்க்ரிங்கில் பிட்டில் முக்கால் நிமிடத்துக்கு மேல் இழந்துவிட்டு, சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்து, தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர்களான ஹாத்தார்னையும் காலின்ஸையும் பிடித்துத் தாண்டினார். பவர் ஸ்டீயரிங் இல்லை, சீட் பெல்ட் இல்லை, பந்தயம் மூன்று மணி நேரத்துக்கு மேல். லூயி சிரோன் 1955இல் மொனாக்கோவில் ஓட்டியபோது அவருக்கு 55, ஆறாவதாக வந்தார். உடம்பு தாங்காது என்ற வாதம் மட்டும் சரியாக இருந்தால் இவர்கள் யாரும் அந்த கார்களில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

எஃப்1 வரலாற்றிலேயே அதிக வயதில் வென்றவர் லூயிஜி ஃபாஜியோலி. 1951 பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ, 53 வயது. அந்த வெற்றியின் கதை ஆளை வாட்டும். பந்தயத்தின் நடுவில் ஃபாஞ்சியோவின் கார் மக்கர் செய்தது. ஆல்ஃபா ரோமியோ அணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபாஜியோலியை பிட்டுக்குக் கூப்பிட்டு, காரை விட்டு இறங்கச் சொல்லி, 40 வயது ஃபாஞ்சியோவிடம் அதைக் கொடுத்தது. ஃபாஞ்சியோ வென்றார். விதிப்படி வெற்றி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. ஃபாஜியோலி கோபத்தில் விலகினார், அதன் பிறகு ஒரு எஃப்1 பந்தயம்கூட ஓட்டவில்லை. எழுபது வருடத்துக்கும் மேலாக அசையாமல் நிற்கும் சாதனை. அதை வைத்திருப்பவர் அன்று பாதிப் பந்தயத்திலேயே சீட்டை இழந்தவர்.

இன்றைய கார் வேறு, உண்மைதான். பிரேக் பிடிக்கும்போதும் வேகமான வளைவுகளிலும் ஐந்து ஜி வரை (புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு விசை) கழுத்தை இழுக்கும். எதிர்வினை வேகம் இருபதுகளின் நடுவிலிருந்து மெல்லக் குறையத் தொடங்கும் என்பதும் சரி. ஆனால் அந்தக் குறைவு மிகச் சிறியது, அனுபவம் அதை நெடுங்காலம் ஈடுகட்டுகிறது. எஃப்1இல் இடம் போன பிறகு அமெரிக்கா சென்ற தகுமா சாட்டோ 40 வயதில் இண்டியானாபொலிஸ் 500ஐ வென்றார், 43இல் மறுபடி வென்றார். ஹீலியோ காஸ்ட்ரோனேவிஸ் அதே பந்தயத்தை நான்காவது முறை வென்றபோது வயது 46. சுவருக்குப் பக்கத்தில் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் போகும் பந்தயம் அது. கண்ணும் கையும் அங்கே வேலை செய்கின்றன என்றால் இங்கே மட்டும் ஏன் செய்யாது?

எஃப்1இல் வயதானவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருப்பது வேறொன்று: மறுபடி கற்றுக்கொள்ள இடம் இல்லாமல் போனது. முன்பெல்லாம் அணிகள் விருப்பம்போல சோதனை ஓட்டம் நடத்தின. ஷூமாக்கர் ஃபெராரியின் சொந்தத் தடமான ஃபியோரானோவில் கணக்கில்லாமல் சுற்றினார். கார் தனக்குப் பிடிக்கவில்லையென்றால் காரை மாற்றும்வரை சுற்றலாம், அல்லது தன்னை மாற்றிக்கொள்ளும்வரை சுற்றலாம். 2009 முதல் பருவத்தின் நடுவில் சோதனை ஓட்டத்துக்குத் தடை வந்தது. செலவைக் குறைக்க எடுத்த முடிவு, காரணம் நியாயமானதே. ஆனால் அதன் சுமை யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். அடுத்த தலைமுறை எட்டு வயதில் கார்ட்டிங் தொடங்கி, சிமுலேட்டரிலேயே வளர்ந்து, நிஜத் தடத்தில் குறைவாக ஓடிப் பழகியே மேலே வருகிறது. அவர்களுக்கு இழப்பு இல்லை. நிஜ ரப்பரின் பிடிப்பை முதுகால் உணர்ந்து ஓட்டப் பழகியவருக்கோ, பழகும் இடமே பறிபோனது. இப்போது வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் இருக்கும் நேரமும் குறைந்துவிட்டது. 2025 முதல் ஒவ்வொரு காரையும் ஆண்டுக்கு இரண்டு முறை புதியவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஷூமாக்கர் 2010இல் 41 வயதில் மெர்சிடிஸுக்குத் திரும்பியபோது இந்தப் புதிய உலகத்தில்தான் வந்து விழுந்தார். ஏழு முறை சாம்பியன், 91 வெற்றிகள், ஆனால் காரைப் புரிந்துகொள்ள ஒரு மதியப் பொழுதுகூடத் தனியாகக் கிடையாது. அடுத்த ஆண்டு டயர் நிறுவனமும் மாறியது. கிழவர் முடிந்தார் என்றார்கள். 2012 மொனாக்கோவில், புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில், 43 வயதில், எல்லாரையும் விட வேகமாக ஓட்டினார். முந்தைய பந்தயத்து மோதலுக்கான ஐந்து இடத் தண்டனையால் ஆறாவதாகப் புறப்பட வேண்டி வந்தது, அதனால் அது போல் பொசிஷன் (முதலிடத்திலிருந்து புறப்படுவது) கணக்கில் வராது. என்னைப் பொறுத்தவரை ஷூமாக்கரின் மிகச் சிறந்த சுற்றுகளில் அதுவும் ஒன்று. மொனாக்கோவின் இரும்புத் தடுப்புகளுக்கு நடுவில் ஒருவர் எவ்வளவு வேகம் என்பதைக் கார் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மெர்சிடிஸ் ஹாமில்டனை எடுத்ததாக அறிவித்தது. அடுத்த வாரமே ஷூமாக்கர் ஓய்வை அறிவித்தார்.

இங்கே அணிகளும் நாமும் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தகுதிச் சுற்றில் சக ஓட்டுநரைவிட 0.3 நொடி பின்தங்கியவர் 21 வயதுக்காரர் என்றால், கற்றுக்கொள்கிறார் என்கிறோம். அதே 0.3 நொடிக்கு 35 வயதுக்காரர் என்றால், முடிந்துவிட்டார் என்கிறோம். கடிகாரம் காட்டுவது ஒரே எண்தான். அதை முதலாமவருக்கு எதிர்காலமாகவும் இரண்டாமவருக்கு முடிவாகவும் படிக்கிறோம். ஒரு மோசமான மாதத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். இளையவருக்கு அந்த நூறையும் தேடிப் பார்க்கிறார்கள். மூத்தவருக்குப் பிறந்த தேதியோடு தேடல் நின்றுவிடுகிறது.

இதற்கு செர்ஜியோ பெரெஸைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2023இல் உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம். 2024இன் முதல் ஐந்து பந்தயங்களில் நான்கு போடியம், அதாவது முதல் மூன்று இடங்களுக்குள். ஜூனில் ரெட் புல் அவர் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அதற்குப் பிறகு கார் போன திசை அவருக்குச் சரிப்படவில்லை; முன்பக்கம் கூர்மையாகத் திரும்பி, பின்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும் காரை வெர்ஸ்டாப்பனால் ஓட்ட முடிந்தது, இவரால் முடியவில்லை. ஆண்டு முடிவில் வெர்ஸ்டாப்பன் 437 புள்ளி, பெரெஸ் 152. டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். 34 வயது, ஆட்டம் தீர்ந்தது, இளரத்தம் வேண்டும் என்று எல்லாப் பக்கமும் பேச்சு. சரி, இளரத்தம் வந்தது. லாசன் மெல்போர்னில் முதல் தகுதிக் கட்டத்தைத் தாண்டவில்லை, ஷாங்காயில் தகுதிச் சுற்றில் கடைசி இடம். இரண்டே பந்தயத்தில் அவரை இறக்கிவிட்டு ட்சுனோடாவை ஏற்றினார்கள். ஆண்டு முழுக்கத் திணறிய அவரும் அந்தப் பருவத்தோடு சீட்டை இழந்தார். ஒருவருக்கு 23, இன்னொருவருக்கு 24. அதே கார், அதே திணறல். அப்படியானால் 2024இல் பெரெஸிடம் நாம் பார்த்தது முதுமையா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பெரெஸ் போனபோது சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்களும் அதிகம் இல்லை.

ரிக்கியார்டோ மெக்லாரனில் பட்டதும் இதே வகைதான். 2021இல் சேர்ந்தார். வளைவுக்குள் வேகத்தைச் சுமந்துகொண்டு போகும் அவர் பாணியை அந்த கார் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு மொன்சாவில் வென்றார், நோரிஸ் இரண்டாவது. 2012க்குப் பிறகு மெக்லாரனுக்கு அதுதான் முதல் வெற்றி. ஒன்பது வருடப் பஞ்சத்தை முடித்துவைத்தவரை அடுத்த ஆண்டே ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பினார்கள்.

அந்த 2022 ஆகஸ்ட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், சீட் சந்தை எப்படி இயங்குகிறது என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் காட்டாது. ஜூலை 28 அன்று செபாஸ்டியன் வெட்டல் ஓய்வை அறிவித்தார், 35 வயது. ஆகஸ்ட் 1: அந்த ஆஸ்டன் மார்ட்டின் சீட்டுக்கு அலோன்சோ போகிறார் என்ற செய்தி. அலோன்சோவுக்கு 41 முடிந்து மூன்று நாள். அவர் அணியான அல்பைன் அதிர்ந்துபோய், மறுநாளே தன் ரிசர்வ் ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி அந்த இடத்துக்கு வருவார் என்று அறிவித்தது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரியே, அடுத்த ஆண்டுக்கு அல்பைனோடு நான் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை, அவர்களுக்கு ஓட்டப்போவதில்லை என்று உலகறியச் சொன்னார். அவரிடம் மெக்லாரன் ஒப்பந்தம் இருந்தது. மெக்லாரனில் காலி சீட் இல்லை. இரண்டாவது காரில் ரிக்கியார்டோ, இன்னும் ஒரு வருட ஒப்பந்தத்தோடு. ஆகஸ்ட் 24 அன்று ரிக்கியார்டோ வெளியேறுகிறார் என்று அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் வாரியம் செப்டம்பர் 2 அன்று பியாஸ்ட்ரி மெக்லாரனுக்கே என்று தீர்ப்புச் சொன்னது.

ஒருவர் ஓய்வு பெற்றதில் தொடங்கிய சங்கிலியில், 41 வயதுக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைத்தது, 33 வயதுக்காரர் தெருவில் நின்றார். வயதுதான் அளவுகோல் என்றால் இது நடந்திருக்கவே கூடாது. யார் எப்போது காலியாக இருக்கிறார்கள், யாரை வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம், எந்த உரிமையாளருக்கு எந்தப் பெயர் வேண்டும் — இவையே முடிவு செய்கின்றன. முடிவான பிறகு நியாயம் சொல்ல வயது வசதியாகக் கையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

வென்றால் காப்பாற்றுமா? காப்பாற்றாது. 1994 அடிலெய்டில் நைஜல் மான்செல் 41 வயதில் வென்றார். வில்லியம்ஸ் அடுத்த ஆண்டுக்கு டேவிட் கூல்ட்ஹார்டைத்தான் எடுத்தது. 1996இல் டேமன் ஹில் எட்டு பந்தயங்களை வென்று சாம்பியனானார். பட்டம் உறுதியாவதற்குச் சில வாரம் முன்பே அடுத்த ஆண்டு இடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். சாம்பியனுக்குரிய 1ஆம் எண்ணை ஆரோஸ் என்ற கடைவரிசை அணியின் காரில் ஒட்டிக்கொண்டு போனார். ஹங்கேரியில் அந்த காரையே முன்னிலைக்குக் கொண்டுவந்து, கடைசிச் சுற்றுகளில் கோளாறு ஏற்பட்டு இரண்டாவதாக முடித்தார். ரைக்கோனனுக்கு ஃபெராரி 2018 செப்டம்பரில் விடை கொடுத்தது, அக்டோபரில் 39 வயதில் ஆஸ்டினில் வென்றார். பெரெஸே 2020இல், ரேசிங் பாயிண்ட் அணி அடுத்த ஆண்டு வெட்டலை எடுத்துக்கொண்டு இவரை விடுவித்த பிறகு, சாக்கீரில் முதல் சுற்றில் கடைசிக்குத் தள்ளப்பட்டு அங்கிருந்து மேலே வந்து வென்றார்.

இவர்கள் எல்லாருக்கும் ஒன்று இருந்தது: முன்பே தெரிந்திருந்தது. கசப்பான செய்திதான், ஆனால் கையில் செய்தி இருந்தது. மீதமுள்ள பந்தயங்களை எதற்காக ஓட்டுகிறோம் என்று அவர்களால் முடிவு செய்துகொள்ள முடிந்தது. வெட்டலுக்கு 2020இல் ஃபெராரி விடை கொடுத்த விதத்தில் எனக்கு மனக்குறை உண்டு. புது ஒப்பந்தம் பற்றிப் பேச்சுவார்த்தை என்று எதுவும் நடக்கவில்லை, திடீரென ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, அதிர்ந்துபோனேன் என்று அவரே சொன்னார். இருந்தாலும் பருவம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த அளவுக்காவது அது நேர்மை.

ரூபன்ஸ் பாரிக்கெல்லோவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2011 நவம்பரில் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில், தன் சொந்த ஊர் மக்களுக்கு முன்னால், அவர் ஓட்டிய பந்தயம் கடைசிப் பந்தயம் என்று அவருக்குத் தெரியாது. வில்லியம்ஸ் அடுத்த ஆண்டுக்கான முடிவை இழுத்துக்கொண்டே போனது. 2012 ஜனவரியில் புரூனோ சென்னாவை அறிவித்தது. அதுவரை வேறு யாரையும்விட அதிகப் பந்தயங்களில் ஓட்டியிருந்தவர். முன்னூறைத் தாண்டிய முதல் ஆள். அவருக்கு ஒரு விடைபெறும் சுற்று இல்லை. தன் சொந்த ஊர் அரங்கத்துக்குக் கையசைக்கும் வாய்ப்பு இல்லை. அணிக்கு அதில் என்ன லாபம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பேரத்தில் ஒரு சீட்டைத் திறந்து வைத்திருப்பது பணமாகலாம், ஸ்பான்சர் வரலாம். அதற்காக ஒரு மனிதரின் பத்தொன்பது பருவ வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்வது சரியில்லை. அவர் பின்னாளில் பிரேசிலின் ஸ்டாக் கார் பட்டத்தை 2014இல் வென்றார், 2022இல் ஐம்பது வயதில் மறுபடி வென்றார். ஆக, வேகம் அப்போதும் அவரிடம் இருந்தது.

அதே இன்டர்லாகோஸில் மற்ற இருவர் விடைபெற்றதையும் பார்த்தோம். 2013இல் மார்க் வெப்பர் ஓய்வை முன்பே அறிவித்துவிட்டு வந்தார். பந்தயம் முடிந்த சுற்றில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, முகத்தில் காற்றுப் பட, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே காரை ஓட்டி வந்தார். 2016இல் ஃபெலிப்பே மாசா மழையில் மோதி நின்றார். பிரேசில் கொடியைப் போர்த்திக்கொண்டு நடந்து வந்தபோது மற்ற அணிகளின் ஆட்களே வெளியே வந்து கைதட்டினார்கள். அழுதுகொண்டே நடந்தார். பிறகு ரோஸ்பர்க் திடீரென ஓய்வு பெற்று, போட்டாஸ் மெர்சிடிஸுக்குப் போனதால், மாசாவை வில்லியம்ஸ் இன்னும் ஒரு வருடம் கூப்பிட்டுக்கொண்டது என்பது வேறு கதை. அந்த நடை வீணாகவில்லை. அதைப் பார்த்த யாரும் மறக்கவில்லை.

மறுபக்கத்தையும் பேச வேண்டும். மூத்தவர் பிடித்துக்கொண்டே இருந்தால் புதியவர் எங்கே போவார்? 2006இல் பிஎம்டபிள்யூ சாபர் அணி, முன்னாள் சாம்பியன் ஜாக் வில்நெவ்வை ஆண்டின் நடுவில் விட்டுவிட்டு 21 வயது குபிட்சாவை ஏற்றியது. மூன்றாவது பந்தயத்திலேயே குபிட்சா போடியம் ஏறினார். அந்த முடிவு தவறு என்று யாரால் சொல்ல முடியும்? தாமதமாக விலகுவதும் துயரம்தான். மொனாக்கோவில் ஐந்து முறை வென்ற கிரகாம் ஹில், 1975இல் 46 வயதில், அதே மொனாக்கோவில் பந்தயத்துக்குத் தகுதி பெறவே முடியவில்லை. அதன் பிறகு தன் அணியின் காரை இளைஞர் டோனி பிரைஸிடம் விட்டுவிட்டு விலகினார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த முடிவால்தான். யாரும் இறக்கிவிடவில்லை, கடிகாரத்தைத் தானே படித்தார். அந்த ஆண்டு நவம்பரில் இருவரும் ஒரே விமான விபத்தில் இறந்துபோனார்கள்.

இளையவர்களையும் இந்த விளையாட்டு கசக்கிப் போடுகிறது என்பதும் உண்மை. லாசனுக்கு இரண்டு பந்தயம், அல்பைனில் டூஹனுக்கு ஆறு. ஆனால் 23 வயதில் தள்ளப்பட்டவருக்கு இன்னொரு கதவு திறக்க வாய்ப்பு அதிகம். லாசன் அடுத்த பந்தயத்திலேயே இன்னொரு காரில் உட்கார்ந்தார். 35 வயதில் தள்ளப்பட்டவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் மூத்தவரை அனுப்பும் முறையில் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

திறந்த கதைகளும் உண்டு, இல்லாமல் இல்லை. நிக்கோ ஹல்கன்பெர்க் 2019 முடிவில் ரெனோவில் இடம் இழந்தார். மூன்று வருடம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடும் ஆளாக இருந்தார். கோவிட் காலத்தில் அப்படிச் சில பந்தயங்கள் கிடைத்தன. 2023இல் ஹாஸ் அவரை முழு நேரமாக எடுத்தது. 2025 ஜூலை 6, சில்வர்ஸ்டோன், மழை. சாபர் காரில் பத்தொன்பதாவது இடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாவதாக வந்தார். 37 வயது, 239ஆவது பந்தயம், வாழ்க்கையின் முதல் போடியம். 2019இல் அவரைப் பற்றிச் சொன்னதை அன்று யாரும் சொல்லவில்லை. பெரெஸும் போட்டாஸும் ஆளுக்கொரு வருடம் வெளியே இருந்துவிட்டு 2026க்கு காடிலாக் அணியில் சேர்ந்தார்கள். புது அணிக்குக் காரைப் பற்றி நம்பகமாகப் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அனுபவம் என்று அவர்களுக்குக் கொடுத்த பெயரும், முந்தைய அணிகள் கொடுத்த பெயரும், ஒரே வயதைப் பற்றியவை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2025 ஹங்கேரி தகுதிச் சுற்றில் ஹாமில்டன் பன்னிரண்டாவது. அதே ஃபெராரியில் லெக்லர்க் முதலிடம். நான் எதற்கும் உதவாதவன், அணி வேறு ஓட்டுநரைப் பார்க்க வேண்டும் என்று ஹாமில்டன் கேமரா முன்னால் சொன்னார். ஏழு பட்டம், 105 வெற்றி, 40 வயது. அந்த ஆண்டு மார்ச்சில் ஷாங்காய் ஸ்பிரிண்ட்டை (சனிக்கிழமைக் குறும் பந்தயம்) வென்றவரும் அவர்தான். புது அணி, புதுப் பொறியாளர்கள், வேறு பிரேக், பழகிக்கொள்ள சோதனை ஓட்டம் கிடையாது. இத்தனை காரணங்கள் கண்ணெதிரே இருந்தும், வெளியே எல்லாரும் படிக்கிற விதத்திலேயே அவரும் தன் நேரத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார். அன்று எனக்கு வலித்தது அந்தப் பன்னிரண்டாம் இடம் அல்ல.

அலோன்சோவின் ஒப்பந்தம் 2026 வரை. அந்த ஜூலையில் அவருக்கு 45. கடைசியாக வென்றது 2013 ஸ்பெயினில். நடுவில் இரண்டு வருடம் விலகிப் போய்த் திரும்பியவர், 2023இல் எட்டு முறை போடியம் ஏறியவர். நீட்டிக்கிறார்களா, விலகுகிறாரா, எனக்கு இரண்டும் சம்மதம். ஆஸ்டன் மார்ட்டின் அதைக் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், டிசம்பருக்கோ ஜனவரிக்கோ தள்ளக் கூடாது. அவரே தன் வாயால் சொல்லும்படி விட்டால் இன்னும் நல்லது. எல்லா அணிகளுக்கும் இது பொருந்தும், இதற்கு ஒரு விதியே கொண்டுவரலாம்: பருவம் முடிய மூன்று பந்தயம் இருக்கும்போதே, ஒப்பந்தம் தீரும் ஓட்டுநருக்கு எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும். சீட்டுக்கு யாரை வேண்டுமானாலும் பிறகு தேடிக்கொள்ளட்டும்.